குற்ற முயற்சியும் தானே கைவிடுதலும்

குற்ற முயற்சி என்பது, குற்றமொன்றைச் செய்யும் உட்கருத்துடன் அதை நிறைவேற்றும் போக்கில் ஒருவர் ஏதேனும் ஒரு செயலைச் செய்தும், அக்குற்றம் முழுமை பெறாமல் நிற்பதைக் குறிக்கும் குற்றவியல் சட்டக் கருத்து ஆகும். குற்றம் முழுமை பெறாததற்குக் காவலர் வருகை, பூட்டின் உறுதி, குறி தவறியது போன்ற புறச் சூழல் காரணமாக இருக்கலாம். செய்யத் தொடங்கியவரே மனம் மாறி நிறுத்திக்கொண்டதும் காரணமாக இருக்கலாம். இவ்விரண்டாவது நிலை தானே கைவிடுதல் எனப்படும்.

தானே கைவிட்டவரைத் தண்டிக்க வேண்டுமா என்ற கேள்விக்கு நாடுகள் வெவ்வேறு விடை அளிக்கின்றன. ஜெர்மனி, பிரான்சு ஆகிய நாடுகளின் சட்டங்கள் அவரை முயற்சிக்கான தண்டனையிலிருந்து விடுவிக்கின்றன. இந்தியச் சட்டத்திலோ இங்கிலாந்துச் சட்டத்திலோ அத்தகைய விலக்கு எழுதப்படவில்லை. இந்தியாவில் ஆயத்தம் முடிந்து முயற்சி தொடங்கும் கோட்டை எட்டுவதற்கு முன் திரும்பியவர் குற்றவாளி அல்லர். அதைக் கடந்த பின் திரும்பியவர் குற்றவாளியே. ஆகையால் அந்தக் கோடு எங்கே வரையப்படுகிறது என்பதே மனம் மாறியவரின் கதியைத் தீர்மானிக்கிறது.

குற்றத்தின் படிநிலைகள்

திட்டமிட்ட குற்றம் ஒன்று எண்ணம், ஆயத்தம், முயற்சி, நிறைவேற்றம் என்னும் நான்கு படிகளைக் கொண்டது என்று சட்ட நூல்கள் விளக்குகின்றன. எண்ணம் மட்டும் தண்டனைக்குரியதன்று. ஆயத்தமும் பொதுவாகத் தண்டனைக்குரியதன்று. கத்தி வாங்கியவர் காய்கறி நறுக்கவும் வாங்கியிருக்கலாம் என்பது இதற்கு ஒரு காரணம். கெட்ட எண்ணத்துடன் வாங்கியவரும் அதைப் பயன்படுத்தாமலே விட்டுவிடக்கூடும் என்பது அதைவிட முக்கியமான மற்றொரு காரணம்.

விதிவிலக்குகளும் உண்டு. அரசுக்கு எதிராகப் போர் தொடுக்க ஆயுதம், ஆள் திரட்டுதல், கூட்டுக் கொள்ளைக்கு ஆயத்தம் செய்தல், கள்ள நாணயம் அடிப்பதற்கான கருவிகளை வைத்திருத்தல் ஆகியவை ஆயத்த நிலையிலேயே குற்றங்களாகும். குற்றச் சதியும் இவ்வாறானதே. இருவர் உடன்பட்ட உடனேயே அது முழுமை பெற்றுவிடுவதால், பின்னர் ஒருவர் விலகிக்கொள்வது சதியை இல்லாததாக்காது. அப்படி விலகியவர் அரசுத் தரப்புச் சாட்சியாக மாறி மன்னிப்புப் பெற வழி இருக்கிறது. ஆனால் அம்மன்னிப்பு உண்மையை முழுமையாகச் சொல்வதற்காகத் தரப்படுவது. கைவிட்டதற்கான பரிசு அன்று.

இந்தியச் சட்டம்

1860-ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 1862 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் கடைசிப் பிரிவான 511, முயற்சிக்கான பொதுவிதியாக இருந்தது. 2024 சூலை 1 அன்று அச்சட்டத்திற்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தபோது, இப்பிரிவு ஏறத்தாழ அதே சொற்களுடன் 62-ஆம் பிரிவாக இடம் மாறியது. தண்டிக்கத்தக்க குற்றம் ஒன்றைச் செய்ய முயன்று, அம்முயற்சியில் அக்குற்றத்தை நோக்கிய ஏதேனும் ஒரு செயலைச் செய்தவர், அக்குற்றத்திற்குரிய மிக நீண்ட சிறைத் தண்டனையில் பாதி வரை தண்டிக்கப்படலாம். ஆயுள் சிறைக்குரிய குற்றமாயின் அதன் பாதி, கணக்கிடும் பொருட்டு ஆயுள் சிறை 20 ஆண்டுகளாகக் கொள்ளப்படுவதால், 10 ஆண்டுகள் ஆகும். அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள சிறு குற்றங்களின் முயற்சிக்கு இவ்விதி பொருந்தாது.

வேறு பிரிவுகளில் முயற்சிக்கென்று தனியாகத் தண்டனை கூறப்பட்டிருந்தால் பொதுவிதிக்கு இடமில்லை. கொலை முயற்சி (பழைய 307, புதிய 109), கொலையாகாத மரணம் விளைவிக்க முயலுதல் (பழைய 308, புதிய 110), வழிப்பறி முயற்சி ஆகியவை அவ்வாறானவை. கொலை முயற்சிக்கு 10 ஆண்டுகள் வரை சிறை. காயம் ஏற்பட்டிருந்தால் ஆயுள் சிறை வரை செல்லலாம்.

குறிப்பிடத்தக்கது யாதெனில், முயற்சி என்றால் என்ன என்பதை இப்பிரிவுகள் எதுவும் வரையறுக்கவில்லை. இந்தியச் சட்ட ஆணையம் 1971-இல் அளித்த 42-ஆவது அறிக்கையில் ஒரு வரையறையைப் பரிந்துரைத்தது. அதையொட்டிக் கொண்டுவரப்பட்ட திருத்த மசோதா சட்டமாகவில்லை. 2023-இல் புதிய சட்டம் எழுதப்பட்டபோதும் இவ்விடம் வெறுமையாகவே விடப்பட்டது.

வரையறை இல்லாத குறையைச் சட்டத்திலுள்ள எடுத்துக்காட்டுகள் ஓரளவு தீர்க்கின்றன. கொலை முயற்சிப் பிரிவின் எடுத்துக்காட்டு ஒன்றில், ஒருவரைக் கொல்லக் கருதியவர் துப்பாக்கி வாங்கி, அதில் குண்டும் போடுகிறார். இதுவரை குற்றமில்லை. அவரை நோக்கிச் சுட்ட நொடியில் குற்றம். மற்றொன்றில், நஞ்சு வாங்கி உணவில் கலந்தவர் அவ்வுணவைத் தம்மிடமே வைத்திருக்கும் வரை குற்றவாளி அல்லர். அதைக் கொல்லப்பட வேண்டியவரின் மேசையில் வைத்தாலோ, வைக்கும்படி பணியாளிடம் கொடுத்தாலோ அவர் குற்றவாளி. உணவு கையை விட்டுப் போகாத வரை அதைக் கொட்டிவிட வாய்ப்பு இருக்கிறது என்பதே இதன் உட்பொருள். கைவிடுதல் என்ற சொல் இந்தப் பிரிவுகளில் எங்கும் இல்லை. எனினும் அதற்கான இடம் இந்த எடுத்துக்காட்டுகளுக்குள் ஒளிந்திருக்கிறது எனலாம்.

எல்லைக்கோடும் வழக்குகளும்

சென்னை உயர் நீதிமன்றம் 1881-இல் தீர்த்த படால வேங்கடசாமி வழக்கில், பொய் ஆவணம் எழுதுவதற்காக ஒருவர் முத்திரைத் தாள் வாங்கி, ஆவணத்தில் சேர்க்க வேண்டிய விவரங்களையும் திரட்டியிருந்தார். ஆவணத்தை எழுதத் தொடங்கவில்லை. இது ஆயத்தமே, முயற்சி அன்று என்று நீதிமன்றம் கூறியது.

அதே நீதிமன்றத்தின் 1884-ஆம் ஆண்டு ராமக்கா வழக்கு, மனமாற்றத்திற்கான இடத்தை நேரடியாகத் தொட்ட பழைய தீர்ப்புகளுள் ஒன்று. கிணற்றில் விழப் போவதாகச் சொல்லி ஓடிய பெண் ஒருவர் கிணற்றை அடையும் முன்பே பிடிக்கப்பட்டார். தற்கொலை முயற்சி அன்று தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. கிணற்றருகே சென்ற பின்னும் அவர் குதிக்காமல் மனம் மாறியிருக்கக்கூடும் என்பதால், ஓடியதை மட்டும் முயற்சி எனக் கொள்ள இயலாது என்று தீர்ப்பளிக்கப்பட்டது. (தற்கொலை முயற்சிக்குத் தண்டனை விதித்த பழைய 309-ஆம் பிரிவு புதிய சட்டத்தில் இல்லை. பொது ஊழியரைக் கட்டாயப்படுத்தும் நோக்கத்துடன் செய்யப்படும் தற்கொலை முயற்சி மட்டும் 226-ஆம் பிரிவில் குற்றமாக உள்ளது.)

விடுதலைக்குப் பின் உச்ச நீதிமன்றம் இக்கோட்டைப் பலமுறை வரைய நேர்ந்தது. 1961-ஆம் ஆண்டின் அபயானந்த மிசுரா வழக்கில், பட்டம் பெறாத ஒருவர் தம்மைப் பட்டதாரி ஆசிரியர் எனப் பொய்யாகக் கூறி, முதுகலைத் தேர்வெழுத அனுமதி கேட்டுப் பட்னா பல்கலைக்கழகத்திற்கு விண்ணப்பித்திருந்தார். நுழைவுச் சீட்டும் அனுப்பப்பட்ட பின் உண்மை வெளிப்பட்டது. விண்ணப்பம் எழுதி முடித்த வரை ஆயத்தம், அதை அனுப்பிய கணமே ஏமாற்றும் முயற்சி தொடங்கிவிட்டது என்று நீதிமன்றம் கருதியது. அதே ஆண்டின் ஓம் பிரகாசு வழக்கில், மனைவிக்குத் தொடர்ந்து உணவு மறுத்துச் சாகும் நிலைக்குக் கொண்டுவந்தவர் கொலை முயற்சிக் குற்றவாளி எனப்பட்டார். இறப்பிற்கு முந்தைய கடைசிச் செயல் வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பது இவ்வழக்கு நிறுவிய கருத்து.

மால்கியத் சிங் வழக்கும் முகமது யாகூப் வழக்கும்

இந்தியச் சட்டத்தின் இழுபறியை அறிய இவ்விரு வழக்குகளை அடுத்தடுத்து வைத்துப் படிப்பது பயன் தரும்.

1966 அக்டோபரில், பஞ்சாபிலிருந்து நெல் வெளியே செல்லத் தடை இருந்த காலத்தில், 75 மூட்டை நெல்லுடன் தில்லியை நோக்கிச் சென்ற சரக்குந்து ஒன்று சமால்கா சோதனைச் சாவடியில் நிறுத்தப்பட்டது. (இன்று அரியானாவிலுள்ள சமால்கா அப்போது பஞ்சாபில் இருந்தது. அரியானா மாநிலம் பிறந்தது அடுத்த மாதம் முதல் நாளில்தான்.) மாநில எல்லை சாவடியிலிருந்து இன்னும் பல மைல் தொலைவில் இருந்தது. ஓட்டுநரும் உதவியாளரும் ஏற்றுமதி முயற்சிக்காகத் தண்டிக்கப்பட்டனர். உச்ச நீதிமன்றம் 1968-இல் அவர்களை விடுவித்தது. அச்சாவடிக்கும் எல்லைக்கும் இடையில் எந்த இடத்திலும் அவர்கள் எச்சரிக்கப்பட்டு மனம் மாறித் திரும்பியிருக்கக்கூடும் என்பது காரணமாகக் கூறப்பட்டது. செய்தவர் அத்துடன் நிறுத்திக்கொண்டால் அதுவரை செய்த செயல்கள் முற்றிலும் தீங்கற்றவையாக இருக்குமா என்பதே ஆயத்தத்தையும் முயற்சியையும் பிரித்தறியும் உரைகல் என்றும் தீர்ப்பில் சொல்லப்பட்டது.

இரண்டாவது வழக்கின் நிகழ்ச்சி 1968 செப்டம்பரில் பம்பாய்க்கு வடக்கே ஒரு கழிமுகத்தருகே இரவில் நடந்தது. சுங்க அதிகாரிகள் பின்தொடர்ந்து சென்றபோது சீப்பு வண்டியும் சரக்குந்தும் பாலத்தருகே நின்றன. வெள்ளிக் கட்டிகள் கடற்கழியை நோக்கிச் செல்லும் ஒற்றையடிப் பாதையில் இறக்கப்பட்டிருந்தன. அவ்வேளையில் கழியிலிருந்து இயந்திரப் படகொன்று புறப்படும் ஓசை கேட்டது. மேல்முறையீட்டில் அமர்வு நீதிமன்றமும் பின்னர் உயர் நீதிமன்றமும் இது ஆயத்தமே எனக் கூறின. வெள்ளி இன்னும் கரையில் இருந்தது, படகில் ஏறவில்லை. 1980-இல் உச்ச நீதிமன்றம் இதை மாற்றி, கடத்தல் முயற்சி என்று தீர்ப்பளித்தது. செயல் காலத்தாலும் இடத்தாலும் குற்றத்திற்கு அருகில் இருப்பதைவிட, உட்கருத்தை ஐயமின்றிக் காட்டும் வகையில் அருகில் இருக்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும் என்று நீதிபதி சின்னப்ப ரெட்டி விளக்கினார்.

மால்கியத் சிங் வழக்கின் உரைகல்லை அவர் பொதுவிதியாக ஏற்கவில்லை. அது அவ்வழக்கின் நிகழ்ச்சிகளுக்கு மட்டும் உரியது என்றார். இல்லாவிட்டால் கடைசி நொடியில் பிடிபடும் ஒவ்வொருவரும் தாம் அப்போதுதான் மனம் மாறவிருந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம் என்பது அவர் கூறிய காரணம். இது வலிமையான காரணம் என்பதில் ஐயமில்லை. எனினும் அதற்கு ஒரு விலையும் உண்டு. கோடு முன்னால் நகர நகர, உண்மையாகவே திரும்பக்கூடியவருக்கு விடப்பட்ட வழியின் நீளம் குறைகிறது. மனம் மாறியிருக்கக்கூடியவரையும் மனம் மாறியவரையும் வேறுபடுத்தும் விதி சட்டத்தில் இல்லாததால், இரண்டு சுமைகளையும் அந்த ஒரு கோடே தாங்க வேண்டியிருக்கிறது.

பாலியல் குற்றங்களில் இக்கோட்டின் விளைவு மிகக் கடுமையானது. கோடு தள்ளி வரையப்பட்டால் பாதிக்கப்பட்டவருக்கு நீதி மறுக்கப்படுகிறது. 2021-இல் மத்தியப் பிரதேச அரசு எதிர் மகேந்திரா வழக்கில், சிறுமியரிடம் குற்றத்தின் வாயில் வரை சென்ற செயல்களை மானபங்கம் என்று உயர் நீதிமன்றம் குறைத்திருந்ததை உச்ச நீதிமன்றம் நீக்கி, வன்புணர்வு முயற்சிக்கான தண்டனையை மீட்டது. 2025 மார்ச்சில் அலகாபாத் உயர் நீதிமன்றம், சிறுமி ஒருவரை இழுத்துச் செல்ல முயன்று, வழிப்போக்கர்கள் வந்ததால் தப்பியோடியவர்கள் மீது சாட்டப்பட்டவை வன்புணர்வு முயற்சி ஆகா எனக் கூறியது. நாடெங்கும் கண்டனம் எழுந்த நிலையில் உச்ச நீதிமன்றம் தானாகவே இதை எடுத்துக்கொண்டு, அதே மாதத்தில் அவ்வாணையின் கருத்துகளை நிறுத்திவைத்தது. பிறர் வருகையால் ஓடியது எந்த நாட்டுச் சட்டத்திலும் தானே கைவிடுதல் ஆகாது என்பது இங்கு நினைவில் கொள்ளத்தக்கது.

நிறைவேற இயலாத குற்றங்கள்

வெற்றுப் பெட்டியை உடைத்துத் திறந்த திருடனும், காலியான சட்டைப் பையில் கைவிட்ட பிக்பாக்கெட்டும் முயற்சிக் குற்றவாளிகளே என்று 511-ஆம் பிரிவின் இரு எடுத்துக்காட்டுகளும் கூறின. புதிய சட்டத்திலும் இவை தொடர்கின்றன. ஆயினும் 1933-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் அசுகர் அலி பிரதானியா வழக்கில், கருச்சிதைவு நோக்குடன் கொடுக்கப்பட்ட பொருள் அவ்விளைவைத் தரக்கூடியது என மெய்ப்பிக்கப்படாததால் குற்றம் சாட்டப்பட்டவரை விடுவித்தது. இங்கிலாந்தில் இக்கேள்வி பிரபுக்கள் அவையையே தடுமாற வைத்தது. 1985-இல் அளித்த தீர்ப்பை அவ்வவை மறு ஆண்டே சிவ்புரி வழக்கில் கைவிட்டது. போதைப்பொருள் என நம்பித் தீங்கற்ற தாவரப் பொடியை வைத்திருந்தவரும் முயற்சிக் குற்றவாளியே என்பது 1986-ஆம் ஆண்டின் முடிவு.

கோட்டைக் கடந்த பின் திரும்பியவர்

இந்தியாவில் முயற்சி தொடங்கிய பின் கைவிட்டவருக்குத் தண்டனைக் குறைப்பு மட்டுமே கிடைக்கக்கூடும். அதுவும் நீதிபதியின் விருப்புரிமைக்கு உட்பட்டது. நஞ்சு கலந்த உணவை மேசையில் வைத்துவிட்டு, கடைசி நொடியில் ஓடிச் சென்று தட்டைப் பறித்தெறிந்தவர், எழுத்தளவில் கொலை முயற்சிக் குற்றவாளியாகவே நிற்கிறார். தட்டைப் பிறர் பறித்தெறிந்த நிலையும் இதுவும் சட்டத்தின் முன் ஒரே குற்றம்.

திருட்டு போன்ற சில குற்றங்களில் இந்நிலை மேலும் இறுக்கமானது. நேர்மையற்ற உட்கருத்துடன் பொருளை இடம் பெயர்த்தாலே திருட்டு முழுமையடைந்துவிடும். எடுத்த நகையை அடுத்த அறையிலிருந்தே திரும்பக் கொண்டுவந்து வைத்தாலும் அது கைவிட்ட முயற்சி அன்று, நிறைவேறிய திருட்டு.

1883-ஆம் ஆண்டின் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை இந்தியச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டது. அதன் 490-ஆம் பிரிவு இதே வகையில் முயற்சிக்குப் பாதித் தண்டனை விதிக்கிறது. கைவிடுதலைப் பற்றி அதுவும் பேசவில்லை.

பிற நாடுகள்

ஜெர்மானியக் குற்றவியல் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, இக்கருத்தை மிக விரிவாக வளர்த்த சட்டம் எனலாம். தானே முன்வந்து மேற்கொண்டு செயல்படுவதைக் கைவிட்டவரும், குற்றம் நிறைவேறுவதைத் தடுத்தவரும் முயற்சிக்காகத் தண்டிக்கப்படுவதில்லை. எதிரி பின்வாங்க ஒரு பொற்பாலம் கட்டிக் கொடுக்க வேண்டும் என்ற உவமையால் இவ்விதியை அந்நாட்டு அறிஞர்கள் விளக்கினர். எப்படியும் தண்டனை உறுதி என்று அறிந்தவர், தொடங்கியதை முடித்துவிடவே துணிவார். பாதிக்கப்படவிருக்கும் உயிரைக் காப்பதற்கு அக்கணத்தில் சட்டத்தின் கையில் இருக்கும் கருவி இந்தப் பாலம் மட்டுமே.

செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டதாக அவர் கருதினாரா என்பதைப் பொறுத்து நிபந்தனை மாறும். குறி தவறிய முதல் குண்டுக்குப் பின், மேலும் குண்டுகள் இருந்தும் துப்பாக்கியைத் தாழ்த்தியவர் வாளாவிருந்தாலே போதும். குண்டு பாய்ந்து எதிராளி சாகக் கிடக்கிறார் என அறிந்தவர், அவரைக் காப்பாற்றச் செயல்பட வேண்டும். காப்பாற்றிவிட்டால் கொலை முயற்சிக்கான தண்டனை நீங்கும். உடற்காயம் விளைவித்த குற்றம் மட்டும் எஞ்சும். உயிர் பிழைக்காவிட்டால் எவ்வளவு முயன்றிருந்தாலும் பயனில்லை. இந்தியச் சட்டத்தின் துப்பாக்கி எடுத்துக்காட்டுடன் இதை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும்: அங்கே முதல் குண்டுடன் எல்லாம் முடிந்துவிடுகிறது.

தானே முன்வந்து என்பதை அளக்கச் சட்ட அறிஞர் ரைன்ஃகார்ட் ஃபிராங்க் எளிய வழி ஒன்றைச் சொன்னார். முடியும் என்றாலும் விரும்பவில்லை என்றவர் தானே கைவிட்டவர். விரும்பினாலும் முடியவில்லை என்றவர் தோற்றவர். அறம் சார்ந்த மனவருத்தம் இருந்தாக வேண்டும் என்று அந்நாட்டு நீதிமன்றங்கள் வற்புறுத்துவதில்லை. 1993-இல் கூட்டாட்சி உச்ச நீதிமன்றத்தின் பேரமர்வு, பாடம் கற்பிக்கக் கருதிக் கத்தியால் குத்தியவர், அந்நோக்கம் நிறைவேறிவிட்டதால் நிறுத்திக்கொண்டாலும் விலக்குக்கு உரியவராகலாம் என்று தீர்ப்பளித்தது. இதைப் பொருந்தாத தாராளம் எனக் குறை கூறும் அறிஞர்கள் உண்டு. அக்குறை முற்றிலும் நியாயமற்றதன்று.

பிரெஞ்சுச் சட்டம் வேறொரு வழியில் அதே இடத்தை அடைகிறது. செய்பவரின் விருப்பத்திற்குப் புறம்பான சூழலால் நின்றுபோனது அல்லது பயனற்றுப்போனது மட்டுமே முயற்சி என்று அதன் வரையறையே கூறுவதால், தானே நிறுத்தியது முயற்சி என்ற பெயரையே பெறாது. 1994-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் 121-5-ஆம் பிரிவில் இது உள்ளது.

அமெரிக்கச் சட்டக் கழகம் 1962-இல் வெளியிட்ட மாதிரித் தண்டனைச் சட்டம், குற்றத்தை நோக்கிய கணிசமான ஓர் அடி வைத்தாலே முயற்சி என்று கோட்டை முன்னால் கொண்டுவந்தது. அதற்கு ஈடாக, முழுமையாகவும் தானாகவும் கைவிட்டவருக்கு எதிர்வாதம் ஒன்றையும் அளித்தது. பிடிபடும் வாய்ப்பு கூடியதால் நிறுத்தியதும், வேறு நாளுக்கோ வேறு ஆளுக்கோ ஒத்திவைத்ததும் இதில் சேரா. கோட்டை முன்னால் நகர்த்துவோர் திரும்பும் வழியையும் சேர்த்தே எழுத வேண்டும் என்ற இந்த இணைப்பு கவனத்திற்குரியது. யாகூப் தீர்ப்புக்குப் பிந்தைய இந்தியச் சட்டத்தில் முதற்பாதி மட்டுமே வந்து சேர்ந்திருக்கிறது.

இங்கிலாந்தின் 1981-ஆம் ஆண்டுக் குற்ற முயற்சிகள் சட்டம், வெறும் ஆயத்தத்தைக் கடந்த செயலையே முயற்சி என்கிறது. கைவிட்டவருக்கு அதில் விலக்கில்லை. ஆனால் நீதிமன்றங்கள் சில வேளைகளில் கோட்டை மிகவும் தள்ளியே வரைந்தன. தாம் பந்தயம் கட்டிய நாய் தோற்பதைக் கண்டு, 18 பவுன் பந்தயப் பணத்தைத் திரும்பப் பெறும் எண்ணத்துடன் ஓட்டத்தைக் குலைக்க ஓடுதளத்தில் குதித்த குல்லிஃபர் என்பவர் விடுவிக்கப்பட்டார். பந்தயம் செல்லாது என்று அறிவிக்கப்பட்டு, அவர் பணம் கேட்கச் செல்வதற்கு இன்னும் சில படிகள் இருந்தன என்பது மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் கருத்து.

கைவிட்டதை மெய்ப்பித்தல்

கைவிடுதலுக்கு விலக்களிக்கும் நாடுகளிலும் நடைமுறைச் சிக்கல் மெய்ப்பிப்பதில்தான் உள்ளது. மனமாற்றத்திற்குச் சாட்சி பெரும்பாலும் செய்தவரின் சொல்லே. ஆதலால் நீதிமன்றங்கள் அவருடைய செயலையே நோக்குகின்றன: தொடர வாய்ப்பு இருந்ததா, வேறு யாரேனும் வந்துவிட்டார்களா, நிறுத்திய பின் அவர் ஓடினாரா, அல்லது நின்று உதவினாரா, மருத்துவ உதவியை அழைத்தது யார். இந்தியாவில் இதே விவரங்கள் குற்றம் உண்டா என்ற கட்டத்தில் கேட்கப்படுவதில்லை. குற்றவாளி என முடிவான பிறகு, தண்டனையின் அளவைப் பற்றி இரு தரப்பையும் கேட்கும் விசாரணையில் அவற்றை எடுத்துரைக்க வழக்கறிஞருக்கு வாய்ப்பு உண்டு.